ஷியோ ராமென்: சேலத்துத் தண்ணீரிலும் ஏற்காட்டுக் குளிரிலும்

ஷியோ ராமென் என்பது உப்பையே முதன்மைச் சுவையாகக் கொண்ட ஜப்பானியத் தெளிந்த நூடுல்ஸ் சூப். சேலத்தில் அதை வைக்க ஆசைப்படுபவர்கள் கோழி வாங்கும் முன்னால் கிராம் கணக்கில் நிறுக்கும் சின்னத் தராசு ஒன்றை வாங்கிவிடுங்கள். ஒரு கிண்ணத்தில் நிற்கும் 330 மில்லி சூப்புக்கு உப்பு சுமார் 5 கிராம், அதாவது ஒன்றரை சதவீதம். 4 கிராமில் சப்பென்று இருக்கும். 6 கிராமுக்கு மேல் போனால் நாக்கு மரத்துப்போய்க் கோழியின் வாசமே தெரியாது. சோயா சாஸ் சேரும் ஷோயு ராமெனிலும், புளிக்கவைத்த சோயா விழுது சேரும் மிசோ ராமெனிலும் ஒரு கிராம் முன்னே பின்னே போனாலும் அவற்றின் இனிப்பும் புளிப்பும் தாங்கிக்கொள்ளும். ஷியோவில் தாங்க யாருமில்லை. நம் குழம்பில் கைப்பக்குவமாக உப்பு போட்டு, நடுவில் ருசி பார்த்து, குறைந்தால் சேர்த்துக்கொள்ளலாம். இங்கே உப்பு முழுவதும் தாரே எனப்படும் அடர்சாற்றில் முன்கூட்டியே கரைந்து கிண்ணத்தின் அடியில் காத்திருக்கிறது. மேலே சூப் ஊற்றி, நூடுல்ஸ் இறக்கி, எண்ணெய் விட்டுப் பரிமாறுவது அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தில் திருத்த முடியாது. எல்லாக் கணக்கையும் முதல் நாளே முடித்திருக்க வேண்டும்.

முதலில் இந்த உணவை அதன் ஊரில் வைத்துப் பார்ப்போம். ஜப்பானின் வட தீவான ஹொக்கைடோவில் மூன்று ஊர்களுக்கு மூன்று ராமென்: சப்போரோவுக்கு மிசோ, அசாஹிகாவாவுக்கு ஷோயு, துறைமுக நகரமான ஹகோடாதேவுக்கு ஷியோ. 1850களில் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்ட துறைமுகங்களில் ஹகோடாதேவும் ஒன்று. சீன வணிகர்களும் சமையல்காரர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். 1884லேயே அந்த ஊர்ச் செய்தித்தாளில் ஓர் உணவகம் ‘நான்கிங் சோபா’ என்று நூடுல்ஸ் விளம்பரம் கொடுத்திருக்கிறது. டோக்கியோவின் அசாகுசாவில் புகழ்பெற்ற ராய்ராய்கென் ராமென் கடை திறந்தது அதற்கு வெகுகாலம் பின்னால், 1910ல்தான். ஹகோடாதே ஷியோவின் சூப் பன்றி எலும்பும் கோழி எலும்பும் கொதிக்காமல் வெந்த தெளிவான சாறு. அதோடு கொம்பு என்கிற கடற்பாசியில் அந்தக் கடற்கரையிலேயே விளையும் மாகொம்பு வகையும் சேரும். நல்ல கொம்பு விளையும் கடற்கரையில் வேறு எதையும் போட்டு மறைக்கத் தேவையில்லாத ஒரு சூப் நிலைத்துப் போனது இயல்புதான்.

வேலைக்கும் படிப்புக்கும் ஜப்பான் போகிற சேலத்துப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். ஷியோ கடைக்குள் நுழைபவர்களுக்குச் சில விவரங்கள். வாசலை ஒட்டிப் பெரும்பாலும் டிக்கெட் மெஷின் இருக்கும். முதலில் காசு போட்டு, பிறகு பட்டன் அழுத்தி, வரும் சீட்டை மேடைக்கு அந்தப்பக்கம் நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். பல மெஷின்கள் இன்னும் நோட்டும் நாணயமும் மட்டுமே வாங்கும். இடது மேல் மூலையில் இருக்கும் பட்டன் பொதுவாக அந்தக் கடையின் முக்கியமான கிண்ணம். ஒரு கிண்ணம் 1,000 யென்னைத் தாண்டக்கூடாது என்று வாடிக்கையாளர்கள் மனதில் வெகுகாலம் ஒரு கோடு இருந்தது. இப்போது நல்ல கடைகள் அதைத் தாண்டிவிட்டன. தண்ணீரை நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும், டிப்ஸ் கிடையாது, சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும். பன்றி சாப்பிடாதவர்கள் மேலே வைக்கும் துண்டை மட்டும் வேண்டாம் என்றால் போதாது. சூப்பிலும் எண்ணெயிலும் பன்றி இருக்கலாம். முழுக்கக் கோழியிலோ மீனிலோ செய்யும் ஷியோ கடைகள் உண்டு; கேட்டு உறுதி செய்துகொண்டு உட்காருங்கள்.

கிண்ணம் வந்ததும் கலக்காதீர்கள். கரண்டியில் மேலாக ஒரு வாய் எடுத்தால் முதலில் எண்ணெயின் மணம் வரும், அதன் பின்னால் கோழி. அடியிலிருந்து நூடுல்ஸைத் தூக்கிப் புரட்டிய பிறகு அடுத்த வாய் எடுங்கள். தாரே அப்போதுதான் முழுதாகக் கலந்திருக்கும். நல்ல ஷியோவில் இந்த இரண்டாவது வாயில் உப்பு தனியாகக் குத்தாது. சூப் ஆற ஆற உப்பு கூடித் தெரியும் என்பதால் சமையல்காரர் சூடான நிலைக்குத்தான் அளவு வைத்திருப்பார். ஏழெட்டு நிமிடத்துக்குள் நூடுல்ஸை முடித்துவிடுவது நல்லது. நேரம் போகப் போக நூடுல்ஸ் சூப்பைக் குடித்து ஊதும், மாவுச்சத்து கசிந்து தெளிவும் கெடும். உறிஞ்சிச் சத்தம் போட்டுச் சாப்பிடக் கூச்சப்பட வேண்டாம். காற்றோடு உள்ளே போனால்தான் வாசம் மூக்கின் பின்பக்கம் ஏறும். மிச்ச சூப் முழுவதையும் குடித்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது. ஒரே கிண்ணத்தில் அவ்வளவும் இருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாதி சூப்பை வைத்துவிடுங்கள். அங்கேயும் பலர் வைத்துவிடுகிறார்கள்.

இனி நம் அடுப்பு. கீழே வரும் அளவெல்லாம், நூடுல்ஸ் தவிர, பத்துக் கிண்ணத்துக்கு. அதற்குக் குறைவாக வைத்தால் வேலை குறையாது, சூப் மட்டும் மெலிந்துபோகும்.

தண்ணீர்

சேலத்தில் முதல் தடங்கல் தண்ணீர்தான். மேக்னசைட் வெட்டியெடுக்கும் ஊர் இது. போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் ஏறியிருப்பதில் ஆச்சரியமில்லை. பாத்திரத்தில் வெள்ளை படியும் தண்ணீராக இருந்தால் சூப்புக்கு எடுக்காதீர்கள். ஜப்பானியத் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. அவர்களுடைய சூப் முறைகள் எல்லாம் அந்தத் தண்ணீரில் உருவானவை. கடினத் தண்ணீரில் கொம்பை ஊறவைத்தால் கால்சியம் பாசியின் ஆல்ஜினேட்டோடு சேர்ந்து மேற்பரப்பை இறுக்கிவிடும், சுவை வெளியே வராது. கோழிச் சூப்பிலும் புரதத்தோடு சேர்ந்து நுரையைக் கூட்டும். ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ போதும். மேட்டூர்க் காவிரித் தண்ணீர் வரும் வீடுகளில் அதைப் பிடித்து, குளோரின் வாசம் போக ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். நூடுல்ஸ் வேகவைக்கும் தண்ணீருக்கு இந்தக் கவலை தேவையில்லை.

கோழி

இந்த விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. பக்கத்திலேயே நாமக்கல். முட்டையிட்டு ஓய்ந்த முட்டைக்கோழி மலிவாகக் கிடைக்கும். கறி ரப்பர் மாதிரி இருக்கிறது என்று யாரும் விரும்பி வாங்காத அந்தக் கோழிதான் சூப்புக்கு முதல் தரம். வயதான கோழியின் எலும்பிலும் தோலிலும் கொலாஜன் நிறைய, கொழுப்பு மஞ்சளாக மணமாக இருக்கும். ஜப்பானிலும் சூப்புக்கு முதிர்ந்த பெட்டைக்கோழியைத் தேடித்தான் வாங்குகிறார்கள். பிராய்லரில் வாசம் போதாது. நாட்டுக்கோழி பிரமாதமாக வரும், விலை மூன்று நான்கு மடங்காகிவிடும்.

சுத்தம் செய்த எடையில் ஒவ்வொன்றும் ஒரு கிலோ வரும் இரண்டு கோழி, கூடவே அரைக்கிலோ கோழிக்கால் (தொடை இல்லை, பாதம்). கடையில் சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “அண்ணா, நெருப்புல வாட்டாதீங்க, மஞ்சள் தடவாதீங்க, தோலோடயே குடுங்க. கால் மட்டும் நல்லா உரிச்சுக் குடுங்க.” இதைச் சொல்ல மறந்தால் நம் ஊர் வழக்கப்படி கோழி வாட்டி, மஞ்சள் பூசி வரும். குழம்புக்கு அருமையான முறை. தெளிந்த சூப்பிலோ புகை வாசமும் மஞ்சள் நிறமும் எத்தனை முறை கழுவினாலும் போகாது.

வீட்டுக்கு வந்ததும் முதுகெலும்பின் உள்பக்கம் பாருங்கள். விலாவுக்குள் ஒட்டிக்கொண்டு கருஞ்சிவப்பாகச் சிறுநீரகமும் நுரையீரல் துணுக்குகளும் இருக்கும். விரல் நகத்தாலோ ஸ்பூன் முனையாலோ ஒன்று விடாமல் சுரண்டி எடுங்கள். சூப் சாம்பல் நிறமாக, ஈரல் வாசத்தோடு வந்தால் முக்கால்வாசி காரணம் இதுதான். நெஞ்சுக்கறியைத் தனியாக வெட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள், மேலே வைக்க உதவும். வயிற்றுக் கொழுப்பையும் உபரித் தோலையும் எண்ணெய்க்கு ஒதுக்குங்கள். மற்றதைத் துண்டு போட்டு, குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ரத்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

தீ

பத்து லிட்டர் பாத்திரத்தில் கோழியையும் காலையும் போட்டு 5 லிட்டர் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, மெதுவாகச் சூடேற்றுங்கள். சுடுதண்ணீரில் போட்டால் வெளிப் புரதம் சட்டென்று உறைந்து, அழுக்கு உள்ளேயே தங்கிப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். குளிர்ந்த தண்ணீரில் தொடங்கினால் நுரையெல்லாம் ஒன்றாக மேலே வரும். முதல் அரைமணி நேரம் அடுப்பை விட்டு நகராமல் சாம்பல் நுரையை வழித்து எடுங்கள். மஞ்சளாக மிதக்கும் கொழுப்பை விட்டுவிடுங்கள்.

அதன்பின் நாலரை முதல் ஐந்து மணி நேரம், 85 முதல் 90 டிகிரிக்குள். மேற்பரப்பு லேசாக நடுங்க வேண்டும். ஓரத்தில் எப்போதாவது ஒரு குமிழ் வரலாம். அதற்கு மேல் கூடாது. கொதி வந்தால் குமிழ்கள் கொழுப்பை அடித்து நுண்துளிகளாக்கும், காலிலிருந்து இறங்கிய ஜெலட்டின் அந்தத் துளிகளைப் பிடித்து நிறுத்தும், சூப் பால் போல வெளுத்துவிடும். வேண்டுமென்றே அப்படிச் செய்வது பைட்டான் என்கிற வேறு வகை ராமென். சிம்மில் வைத்தும் கொதித்தால் பாத்திரத்துக்கு அடியில் பழைய இரும்புத் தோசைக்கல்லை வையுங்கள். மூடக்கூடாது, கிளறக்கூடாது. இஞ்சி 40 கிராம் தோலோடு நசுக்கி, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி ஒரு கைப்பிடி, பூண்டு நான்கு பல். இவை கடைசி ஒரு மணி நேரத்தில் போனால் போதும். முதலிலேயே போட்டால் மணம் பறந்து, வெந்த காய்கறி வாசம் மட்டும் மிஞ்சும். பட்டை, கிராம்பு, சோம்பு பக்கமே கை போகவேண்டாம்.

குக்கரில் செய்யலாமா என்றால், செய்யலாம். அழுத்தம் நிலையாக இருக்கும்வரை உள்ளே கொதி இருக்காது, சூப் தெளிவாகவே வரும். கெடுப்பது விசில். ஒவ்வொரு விசிலிலும் அழுத்தம் திடீரென்று இறங்க, உள்ளே தண்ணீர் பொங்கிக் கொழுப்பைக் கலக்கிவிடும். திறந்து வைத்து நுரையெடுத்த பிறகு மூடி, முதல் விசில் வருவதற்கு முன்பே தீயை மிகக் குறைத்து ஒரு மணி நேரம் வையுங்கள். அணைத்தபின் தானாக அழுத்தம் இறங்கும்வரை வெயிட்டைத் தொடாதீர்கள்.

ஏற்காட்டு வீட்டில் வைப்பவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்; கீழே சேலத்தில் 99. மலையில் கொதிநிலை குறைவு, ஆகவே சூப் கலங்காது என்று நினைத்து விட்டுவிடக்கூடாது. கலங்குவதற்குக் காரணம் குமிழ்களின் அடி, டிகிரி எண் இல்லை. 95ல் கொதித்தாலும் வெளுக்கத்தான் வெளுக்கும். அங்கேயும் 85 முதல் 88க்குள் பிடித்து நிறுத்தி, அரைமணி கூடுதலாக வையுங்கள். நூடுல்ஸ், முட்டை இரண்டுக்கும் மலையில் நேரம் கூடும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இறக்கியதும் சல்லடையில் நனைத்த வெள்ளைத் துணி விரித்து, கரண்டியால் மொண்டு ஊற்றுங்கள். கடைசியில் எலும்பை அழுத்திப் பிழிய ஆசை வரும். பிழிந்தால் அத்தனை நேரம் காத்த தெளிவு ஒரு நொடியில் போய்விடும். சுமார் மூன்றேகால் லிட்டர் கிடைக்க வேண்டும். கூட இருந்தால் தனியாகச் சுண்டவையுங்கள், குறைந்தால் தண்ணீர் சேர்க்கலாம். பாத்திரத்தை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வேகமாக ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள். சித்திரை வெயிலில் சேலத்துச் சமையலறையில் கோழிச்சூப் மேடையிலேயே ஆறட்டும் என்று விட்டால் காலைக்குள் புளித்துவிடும். மறுநாள் மேலே கொழுப்பு தகடாக உறைந்திருக்கும், கீழே சூப் தளதளவென்று கெட்டியாகியிருக்கும். கெட்டியாகவில்லை என்றால் கால் போதவில்லை, அல்லது நேரம் போதவில்லை.

கலங்கிப்போன சூப்பை மீட்க ஒரு வழி உண்டு. ஆறிய சூப் ஒரு லிட்டருக்கு இரண்டு முட்டை வெள்ளைக்கருவை அடித்துக் கலந்து மெதுவாகச் சூடேற்றினால் அது உறைந்து மேலே ஆடையாகத் திரண்டு கலங்கலை இழுத்துக்கொள்ளும். நடுவில் ஓட்டை போட்டு மொண்டு வடிகட்டலாம். தெளிவு வரும், சுவையில் ஒரு பங்கு அதோடு போகும். அதற்குப் பதிலாக நன்றாகக் கொதிக்கவிட்டுப் பைட்டான் ஆக்கிச் சாப்பிடுவது மேல் என்பது என் கருத்து.

தாரே

சூப்பில் இதுவரை உப்பு போடவில்லை என்பதை நினைவில் வையுங்கள். போடவும் கூடாது.

320 மில்லி ஆர்ஓ தண்ணீரில் கொம்பு 12 கிராம், உலர்ந்த ஷிடாகே காளான் 5 கிராம். ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் 60 டிகிரிக்குச் சூடேற்றி முக்கால் மணி நேரம் அங்கேயே நிறுத்தி, கொம்பை எடுத்துவிடுங்கள். கொதிக்கவிட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். பிறகு நெத்திலிக் கருவாடு 15 கிராம், மாசிக் கருவாடு 10 கிராம் சேர்த்து, 80 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து வடிகட்டுங்கள்.

நெத்திலியைத் தலை கிள்ளி, வயிற்றில் கறுப்பாக இருப்பதை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். கசப்பு அங்கேதான் இருக்கிறது. நிபோஷி என்கிற ஜப்பானிய நெத்திலிக் கருவாடு அவித்துக் காயவைத்தது. நம் நெத்திலி பெரும்பாலும் அப்படியே மணலில் காய்ந்தது, சில சமயம் உப்பிட்டது. இரண்டு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி மணலைப் போக்கி, வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்தால் மீன் கவிச்சி அடங்கும். மாசி நமக்குக் கிடைத்த வரம். சூரையை அவித்து, புகையிட்டு, கட்டையாகக் காயவைக்கும் முறையில் அது கட்சுவோபுஷி என்கிற ஜப்பானியச் சூரைக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. கட்சுவோபுஷியின் உயர்ந்த வகைகளில் பூஞ்சை ஏற்றும் படி ஒன்று கூடுதல், அவ்வளவுதான். சேலத்துக் கருவாட்டுக் கடைகளில் எப்போதும் இருக்காது. கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் உறவினர் இருந்தால் சொல்லி வைத்து வாங்குங்கள். உரலில் இடித்துச் சின்னச் சில்லுகளாக்கிப் போட வேண்டும். பொடியாக்கினால் தாரே மண்டியாகிவிடும்.

இத்தனை பொருள் எதற்கு என்றால், காரணம் வேதியியலில் இருக்கிறது. 1908ல் டோக்கியோப் பேராசிரியர் கிக்குனே இக்கேடா கொம்பிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்துக் காட்டினார். 1913ல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா கட்சுவோபுஷியில் இனோசினேட்டைக் கண்டார். காய்ந்த காளானில் இருப்பது குவானிலேட். குளூட்டமேட்டோடு மற்ற இரண்டில் ஒன்று சேர்ந்தாலும் உமாமி எனப்படும் நிறைசுவை கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறும். அந்தப் பலம் இருந்தால்தான் ஒன்றரை சதவீத உப்பு நிறைவாகத் தெரியும். இல்லாவிட்டால் அதே உப்பு வெறும் கரிப்புதான். கொம்பு கிடைக்காதவர்கள் பத்துக் கிண்ணத் தாரேயில் 5 கிராம் அஜினோமோட்டோ போடுங்கள். ஜப்பானில் பல கடைகள் போடுகின்றன, வெட்கப்பட ஒன்றுமில்லை. தக்காளி சேர்க்கிற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். நிறமும் புளிப்பும் சூப்பைக் கெடுத்துவிடும்.

வடித்த சாற்றை 250 மில்லி ஆக்கிக்கொண்டு, உப்பு 48 கிராம், வெள்ளைச் சர்க்கரை 4 கிராம், அரிசி வினிகர் ஒரு டீஸ்பூன் கரைத்து, மொத்தம் 300 மில்லி வரும்படி தண்ணீர் சேருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண வினிகர் என்றால் அரை டீஸ்பூன். நாட்டுச் சர்க்கரை நிறத்தைக் கெடுக்கும். கிண்ணத்துக்கு 30 மில்லி தாரே, அதில் 4.8 கிராம் உப்பு. கருவாட்டிலிருந்து இறங்கும் கொஞ்சமும் சேர்ந்தால் கணக்கு சரியாகும். சோதிக்க ஒரு டீஸ்பூன் தாரேயைப் பத்து டீஸ்பூன் சூடான சூப்பில் கலந்து, குடிக்கும் சூட்டிலேயே ருசி பாருங்கள். ஆறவைத்துப் பார்த்தால் உப்பு அதிகம் போலத் தோன்றி, கையைக் குறைத்துவிடுவீர்கள். இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் இருந்தால் தாரேயின் முனைகள் மழுங்கி இன்னும் நன்றாகும்.

எந்த உப்பு? டோக்கியோவில் மிஷெலின் நட்சத்திரம் பெற்ற கொன்ஜிகி ஹொதொதோகிசு கடை ஒகினாவாக் கடல் உப்பையும் மங்கோலியப் பாறை உப்பையும் கலந்து ஷியோ வைப்பதால் பேர்பெற்றது. நமக்குத் தூத்துக்குடிக் கல் உப்பும் வேதாரண்யத்துக் கல் உப்பும் போதும். 1930ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்த ராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அந்த உப்பை இந்த ஊர்ச் சமையலறையில் நிறுத்துப் போடுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. கல் உப்பில் ஈரம் இருக்கும், மண்ணும் இருக்கும். வாணலியில் வறுத்து ஆறவைத்து நிறுங்கள், கரைத்தபின் துணியில் வடிகட்டுங்கள். ஸ்பூன் அளவை நம்பாதீர்கள். பொடி உப்பும் கல் உப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை வராது. சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது, தெளிந்த சூப்பில் அதன் கசப்பு அப்பட்டமாகத் தெரியும்.

எண்ணெய்

ஒதுக்கிய கொழுப்பும் தோலும் 300 கிராம், தண்ணீர் 50 மில்லி. சிறு தீயில் நாற்பது நிமிடம். தோல் பொன்னிறமாகும் முன்பே வடித்துவிட வேண்டும், சிவந்தால் வறுவல் வாசம் எல்லாவற்றையும் மூடிவிடும். கிண்ணத்துக்கு 10 முதல் 12 மில்லி. இந்தப் படலம்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. ஏற்காட்டில் மார்கழி ராத்திரியில் 15 மில்லி வரை போகலாம். நம் நல்லெண்ணெய் இதற்கு மாற்று ஆகாது. அது வறுக்காத எள்ளில் ஆட்டியது, ஜப்பானியர்கள் பயன்படுத்தும் வறுத்த எள்ளெண்ணெயின் வாசம் அதில் வராது.

நூடுல்ஸ்

ராமெனின் மஞ்சள் நிறத்துக்கும் துள்ளலுக்கும் காரணம் கான்சுயி என்கிற காரக் (ஆல்கலி) கலவை: சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட். அது கோதுமையின் நிறமிகளை மஞ்சளாக்கும், குளூட்டனை இறுக்கும். வீட்டில் சமையல் சோடாவிலிருந்து சோடியம் கார்பனேட் செய்துகொள்ளலாம். தட்டில் மெலிதாகப் பரப்பி ஓவனில் 130 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். 100 கிராம் போட்டால் முழுதாக மாறியபின் 63 கிராம் இருக்கும். எடை அதற்கு மேல் இருந்தால் இன்னும் வையுங்கள். கையால் தொடாதீர்கள், அலுமினியத் தட்டு வேண்டாம், காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். பெயர் ஒன்றுதானே என்று கடையில் விற்கும் சலவைச் சோடாவை வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அது சாப்பிடும் தரமல்ல.

ஐந்து கிண்ணத்துக்கு மைதா 450 கிராம், குளூட்டன் மாவு 15 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 35 கிராம். ஸ்டார்ச்சுக்காக எங்கும் அலைய வேண்டாம். ஜவ்வரிசிக்குப் பேர்போன ஊர் இது. லீ பஜார் பக்கம் கேட்டால் கிலோ கணக்கில் கிடைக்கும். மரவள்ளி ஸ்டார்ச் நூடுல்ஸுக்கு மெல்லும்போது ஒரு இழுவை கொடுக்கும், கூடவே தூவுமாவாகவும் உதவும். தண்ணீர் 185 மில்லி. அதில் முதலில் கார்பனேட் 6 கிராம், அது கரைந்தபின் உப்பு 5 கிராம். மூன்று தடவையாகத் தெளித்துப் பிசறினால் மாவு புட்டு மாவு போல உதிரியாகத்தான் நிற்கும். அதுதான் சரியான பதம். உருண்டை பிடிக்கவில்லையே என்று தண்ணீர் சேர்த்தால் சப்பாத்தி மாவாகி, நூடுல்ஸ் சூப்பில் கரையும். மூடி ஒரு மணி நேரம் வைத்து, அழுத்திப் பலகையாக்கி, பாஸ்தா மெஷினில் அகலமான இடைவெளியில் விட்டு, மடித்து மூன்று தடவை ஓட்டுங்கள். பிறகு படிப்படியாக ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, மெல்லிய பற்களில் வெட்டி, ஸ்டார்ச் தூவி, ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

இடியாப்ப அச்சிலும் முறுக்கு உரலிலும் பிழியலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இவ்வளவு கெட்டி மாவு அச்சில் இறங்காது. இறங்கும்படி இளக்கினால் துள்ளல் போய்விடும். தகடாகத் தேய்த்து மடிக்கும்போதுதான் குளூட்டன் ஒரே திசையில் அடுக்கடுக்காக அமைகிறது. மெஷின் இல்லாதவர்கள் பொரிக்காத காய்ந்த ராமென் நூடுல்ஸ் வாங்கிக்கொள்ளலாம். பொரித்த இன்ஸ்டன்ட் வகை எண்ணெய் கக்கி சூப்பின் மேல் படரும்.

வேகவைக்க 100 கிராமுக்கு ஒரு லிட்டர் கொதிநீர், உப்பில்லாமல். சேலத்தில் ஒன்றரை நிமிடம், ஏற்காட்டில் இரண்டு நிமிடம் அளவில் ஓர் இழை கடித்துப் பாருங்கள். ஐந்தாறு ஈடுக்குப் பிறகு தண்ணீர் கொழகொழப்பாகும், மாற்றிவிடுங்கள். வடிதட்டை வேகமாக உதறித் தண்ணீரை ஓட்டுவது அழகுக்காகச் செய்வது இல்லை. 30 மில்லி தண்ணீர் ஒட்டிக்கொண்டு வந்தால்கூட ஒன்றரை சதவீத உப்பு 1.4க்குக் கீழே இறங்கிவிடும்.

கிண்ணம்

கிண்ணத்தைக் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். தாரே 30 மில்லி, எண்ணெய். நூடுல்ஸ் வேக இருபது நொடி இருக்கும்போது 90 டிகிரிச் சூப் 300 மில்லி. உதறிய நூடுல்ஸை இறக்கி, சாப்ஸ்டிக்கால் ஒரு முறை தூக்கி மடித்து விடுங்கள். இந்த வரிசை மாறி நூடுல்ஸ் காத்திருந்தால் ஒட்டிக்கொள்ளும், சூப் காத்திருந்தால் ஆறிவிடும்.

மேலே வைப்பதைக் குறைவாக வையுங்கள். நெஞ்சுக்கறியை உப்பு தடவி, 80 டிகிரிச் சூப்பில் நடுப்பகுதி 70 வரும்வரை வேகவைத்து, ஆறியபின் மெலிதாக நறுக்கலாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை சேலத்தில் ஆறரை நிமிடம், மலையில் ஏழரை. உரித்து 3 சதவீத உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி. வெங்காயத்தாளைப் பொடியாக அரிந்து, காரம் போக ஐந்து நிமிடம் தண்ணீரில் போட்டு வடியுங்கள். பச்சைச் சின்ன வெங்காயம் இந்தச் சூப்புக்கு முரடு.

யூசு என்கிற எலுமிச்சை வகையின் தோலைச் சீவிப் போட்ட ஷியோவுக்காகவே டோக்கியோவின் அஃபுரி கடையை நாடிப் போகிறார்கள். யூசு இங்கே இல்லை. ஏற்காட்டு ஆரஞ்சு சீசனில் அதன் பச்சை மாறாத தோலை, வெள்ளைப் பகுதி ஒட்டாமல் இழையாகச் சீவி இரண்டு சிட்டிகை போடுங்கள். நார்த்தங்காய்த் தோல் இன்னும் பொருத்தம், ஒரு சிட்டிகையே அதிகம். வெள்ளை ஒட்டினால் கசக்கும். சாறு பிழிவது வேண்டாம், கோழியின் மென்மையை அது வெட்டிவிடும். சேர்வராயன் மலை மிளகு நன்றாகத்தான் இருக்கும், பாதிக் கிண்ணம் முடிந்தபின் இரண்டு சுற்று.

சைவர்களுக்குக் கொம்பும் ஷிடாகேயும் மட்டும் வைத்துச் சூப் செய்யலாம். லிட்டருக்கு 20 கிராம், 15 கிராம். ஜெலட்டின் இல்லாததால் உதட்டில் ஒட்டும் கனம் வராது, காளானால் நிறமும் தேநீர் போல இருக்கும். தாரேயில் மீனை விட்டுவிட்டு உப்பை 50 கிராமாக்குங்கள்.

மிஞ்சிய சூப்பை 300 மில்லி வீதம் டப்பாவில் ஊற்றி உறையவைத்தால் இரண்டு மாதம் தாங்கும். தாரே ஃப்ரிட்ஜில் ஒரு மாதம், எண்ணெயும் அப்படியே. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போய்ச் சாப்பிடுவதாக இருந்தால், உறைந்த டப்பாக்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, நூடுல்ஸைத் தனியாக ஸ்டார்ச் தூவித் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். அங்கே பாத்திரத்தில் சூடேற்றும்போதும் கொதிக்கவிடாதீர்கள். வடித்த சூப்பிலும் மிதக்கும் கொழுப்பு இருந்தால் இரண்டு நிமிடக் கொதி போதும், கலங்கிவிடும்.